பங்குக் கிணத்துக்கட்டிலை

முதன்முதல் எனக்கு இதைச் சொன்னது கிணறு வெட்டுற ஏரம்பு அண்ணை. எண்பத்திநாலாம் ஆண்டு, பங்குனி மாசம். எங்கடை நிலத்துக்குக் கீழை நல்லதண்ணி உப்புத்தண்ணிக்கு மேலை மிதக்குது பிள்ளை, கிணத்தின்ரை அடியிலை துளை போட்டியள் எண்டால் உவர் மேலை வந்திடும் எண்டவர். நீர் சிரிக்கிறீர். நானும் அண்டைக்குச் சிரிச்சனான் தான்.

இல்லைத் தம்பி, நான் எழும்பமாட்டன். உம்மடை துளை மிசின் வேலியோரம் நிக்கட்டும். விடியத் தேவாரப் புத்தகத்தோடை வந்து இந்தக் கிணத்துக்கட்டிலை குந்தினனான். வெயில் ஏறினாலும் இருப்பன்.

ஓம், உம்மை வரச்சொன்னது என்ரை மூத்தவன் செல்வரட்ணம் எண்டு தெரியும். போன மாரியும் பொய்ச்சுப்போச்சு, வெங்காயம் வாடுது, அவனுக்கு அந்தரம். ஆனா இது அவன்ரை கிணறு இல்லை. ஐஞ்சு வீட்டுப் பங்குக் கிணறு, நாள்முறை வைச்சு இறைக்கிறது. காணி உறுதிப் பத்திரத்திலை என்ரை பேரும் கிடக்கு. பங்குக்காரி ஒருத்தி மாட்டன் எண்டால் அடியைத் தொடேலாது.

மற்ற நாலு பேரும் ஓமெண்டவையோ? சொல்லட்டும். தண்ணி குறைஞ்சால் பயிரைக் குறைப்பம். மூண்டு பரப்பு வெங்காயத்தை ஒரு பரப்பாக்கிப்போட்டு, மிச்சத்துக்குக் குரக்கன் விதைப்பம். மிசினாலை உறிஞ்சாமல் துலாவாலை இறைப்பம். கை நோகும் தான், நோகட்டும்.

பெத்த பிள்ளையைப் பகைக்கலாமோ எண்டு கேக்கிறீர். ஷெல் விழேக்கை பங்கர்க் குழிக்கை கிடந்து நடுங்கிறவள் தான் நான். இதுக்கு நடுங்கேல்லை.

ஏனெண்டே? என்ரை வீட்டுக் கிணத்தைப் போய் எட்டிப் பாரும். தண்ணி நிறைய நிக்குது, வாயிலை வைக்கேலாது. அதுக்குத் துளை போடுவிச்சது நான் தான். பக்கத்து வளவுப் பத்மாவதி சந்நிதி முருகன் திருவிழாவுக்குப் போன ரண்டு நாளிலை, ஆருக்கும் சொல்லாமல். செல்வரட்ணத்துக்கும் தெரியாது. மூண்டு மாசத்திலை என்ரையும் உவர், வேலிக்கு அங்காலை அவளின்ரையும் உவர். மழை இல்லாத குற்றம் எண்டு சொல்லிப்போட்டுப் பேசாமல் இருந்திட்டன். அவள் அதைத் தன்ரை பாவம் எண்டு நினைச்சு முருகனுக்கு நேர்த்தி வைச்சுப்போட்டு, ரண்டு வருசமாக் குடத்தோடை இந்தக் கிணத்துக்கு நடக்கிறாள்.

இதை அவளிட்டைச் சொல்லப்போக நான் எழும்பினால் நீர் மிசினை இறக்கிப்போடுவீர். அதாலை, போற வழியிலை பத்மாவதியின்ரை படலையிலை நிண்டு, கனகாம்பிகை அக்கா கிணத்தடியிலை இருக்கிறா, ஒருக்கா வரட்டாம் எண்டு சொல்லிவிடும் தம்பி.