விளிம்பு வரை

என் தையல் சுத்தமாக இருக்கும் என்று மர்கிலானில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஐயா. இஸ்கந்தர் கிராண்ட்மாஸ்டர் ஆன நாளில் போட்டிருந்த கோட்டு நான் தைத்ததுதான். ஒரே தெருவில் வளர்ந்தோம். சதுரங்கத்தில் அவனுக்கு வேகம், எனக்குப் பொறுமை. அதனால் அவன் ஆடினான். எதிராளிகளின் ஆட்டங்களை அலசி, எங்கே அடிக்கலாம் என்று நான் சொல்லிக் கொடுத்தேன்.

பிறகு ஜெர்மனிக்குப் போனான். அந்த வேலைக்கு அங்கேயே ஒருத்தனை வைத்துக்கொண்டான். எனக்கு வலித்தது. இருந்தாலும் அவன் ஊர் திரும்பியதும் முதல் ஆளாகப் போய் நின்றேன். பிலாவ் விருந்து போட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் அவனே எனக்குத் தேநீர் ஊற்றினான், கிண்ணம் தளும்பத் தளும்ப.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வேண்டியவருக்குக் கொஞ்சமாக ஊற்றுவோம், மறுபடி மறுபடி ஊற்றுவதற்காக. நிரப்பிக் கொடுத்தால், குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று பொருள். எல்லோர் முன்னாலும் செய்தான். குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

தாஷ்கண்ட் போட்டிக்கு முன், தோள் பிடிக்கிறது என்று அவன் அம்மா கோட்டைக் கொண்டுவந்தாள்.

"அந்தப் பயலப் பாத்தியா தோல்கின்? வெளிநாட்டுல இருந்து வழக்கமெல்லாம் மறந்துட்டான். அவங்கப்பாவுக்கே கிண்ணம் நெறைய ஊத்துறான். 'என்ன வீட்ட விட்டே தொரத்துறியாடா'ன்னு மனுஷன் கேக்குறாரு. ஒரே சிரிப்பு."

நானும் சிரித்தேன். அவள் போனதும், பொத்தான் அளவு ஒலிக்கருவி ஒன்றைக் கழுத்துப்பட்டைக்குள் வைத்துத் தைத்தேன். காதுக்குப் பக்கத்தில் இருந்தால்தான், யாரோ நகர்வு சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று நம்புவார்கள்.

அரங்க வாசலில் சோதனைக் கருவி கத்தியது. பட்டையைப் பிரித்துப் பார்த்தார்கள். ஏமாற்றுக்காரன் என்ற பேரோடு ஆட்டத்துக்கே தடை வந்தது. ஓட்டலில் தன்னோடு தங்கிய அந்த ஜெர்மன் உதவியாளன்தான் செய்தான் என்று அவனை விரட்டினான் இஸ்கந்தர். கோட்டு என் கைக்கு வந்ததை அம்மா நினைவூட்டியபோது, "தோல்கினப் பத்தி ஒரு வார்த்தை பேசாத" என்று அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டான்.

அவனைச் சுற்றியிருந்த கூட்டம் கலைந்தது. மாலையானால் என் கடைக்கு வந்து காய்களை அடுக்குவான். "உன்ன விட்டா எனக்கு யாருடா இருக்கா?" என்பான். சாப்பாடு இறங்காது. நான் ஊட்டாத குறைதான். ஆட்டத்தில் நான் ஜெயிக்கவும் ஆரம்பித்தேன். நல்ல நாட்கள், ஐயா.

நேற்று வந்தான். அல்மாட்டியில் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கும் வேலையாம், அங்கேயே குடியேறப் போகிறானாம். "போய்ட்டு வரேன்டா" என்றான். நீயும் வா என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. இவ்வளவு பார்த்துக்கொண்ட என்னை உதற எப்படி மனசு வந்தது?

அதனால்தான் நானாகக் காவல் நிலையத்துக்கு வந்திருக்கிறேன். வைத்துத் தைத்தது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். வழக்கு முடியும்வரை சாட்சி சொல்ல வேண்டியவன் ஊரை விட்டுப் போக முடியாது, இல்லையா?