தட்டு காலியானால் அம்மா வருவாங்க

இரண்டு வயதுக் குழந்தை பீன்ஸ் பொரியலைத் துப்பினால் அதில் தப்பு ஒன்றும் இல்லை. புது ருசி எதுவானாலும் நாக்கு முதலில் சந்தேகப்படும். பத்துத் தடவை, பதினைந்து தடவை சலிக்காமல் கொடுத்தால் பதினாறாவது தடவை விழுங்கிவிடும். பி.எஸ்ஸி. ஊட்டச்சத்தியல் மூன்றாம் ஆண்டில் இதை ஒரு பாடமாகவே படித்தேன். குழந்தைக்குச் சாப்பாடு கொடுப்பவருக்குப் பொறுமை வேண்டும். இன்ஸ்பெக்டர் தங்கபுஷ்பம் மேடமுக்கு அது இல்லை.

காலை ஒன்பது மணியிலிருந்து அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார். "ஏம்மா, ஒத்த வார்த்தைல சொல்லு. நேத்து சாயங்காலம் அந்தப் புள்ள என்னத்தத் தின்னான்?"

அந்தப் பிள்ளை அஸ்வத். வயது இரண்டரை. நேற்று ராத்திரியிலிருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறான். இதயத் துடிப்பு விட்டுவிட்டு வருகிறதாம். வயிற்றுக்குள் என்ன போனது என்று தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்க முடியும் என்று டாக்டர் அடிக்கடி போன் செய்கிறார். மதியம் சாப்பிட்டதை நான் சொல்லிவிட்டேன்: பருப்பு சாதம், பீட்ரூட் பொரியல், பாகற்காய் வறுவல். அதனால் வந்த வினை இல்லை என்று டாக்டருக்கே தெரிகிறது. மற்ற பதினொரு குழந்தைகளும் அதையேதான் சாப்பிட்டன. எல்லாம் குத்துக்கல் மாதிரி இருக்கின்றன.

ஒற்றை வார்த்தையில் சொன்னால் அந்த வார்த்தையை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். மற்றதெல்லாம் போய்விடும். அதனால் நானே எழுதித் தருகிறேன் என்றேன். ஸ்டேஷன் ரைட்டர் எழுதினால் 'மேற்படி நபராகிய நான்' என்று தொடங்கி என்னைக் கொன்றுவிடுவார். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். தாலுகா ஆபீசில் அதற்குச் சான்றிதழே கொடுத்திருக்கிறார்கள். என் வாக்குமூலத்தை எழுத எனக்கு இன்னொருவர் தேவையில்லை.

பெயர் மணிமொழி. வயது இருபத்து நான்கு. காந்தி நகரில் ஸ்வர்ணலதா மேடம் தன் வீட்டின் கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறார். அங்கே சாப்பாட்டுப் பொறுப்பு என்னுடையது.

அங்கே பிள்ளைகளை விடும் அம்மாக்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எல்லோரும் படித்தவர்கள். தோசை மாவில் கேரட்டை அரைத்து ஒளிப்பார்கள். சப்பாத்திக்குள் பீட்ரூட்டை ஒளிப்பார்கள். ஒருவர் பிராக்கோலியைக் கேக்குக்குள் ஒளித்துக் கொண்டுவந்தார். காயைத் திருட்டு நகை மாதிரி கடத்தினால் குழந்தை அதை ஏன் நம்பும்? சனிக்கிழமைகளில் யாரோ ஒரு நிபுணருக்குப் பணம் கட்டி, ஸூமில் உட்கார்ந்து, 'என் பையன் பச்சையாக எதைப் பார்த்தாலும் அழுகிறான்' என்று தாங்களும் அழுவார்கள். இரண்டடி உயர ஆளிடம் தோற்றுப்போனவர்கள்.

சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்து ஓரம் நாங்கள் இருந்தபோது இந்தத் தொல்லையே கிடையாது. மார்க்கெட்டில் சாயங்காலம் கழித்துப் போடும் காயை அம்மா பொறுக்கிக்கொண்டு வரும். அழுகின பக்கத்தை அரிந்து எறிந்துவிட்டு மிச்சத்தைக் குழம்பில் போடும். பிடிக்கிறதா என்று எங்களை யாரும் கேட்டதில்லை. பிறகு வீட்டை இடித்து ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அம்மா அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வந்து கோட்டூர்புரத்தில் குப்பை அள்ளியது.

அஸ்வத்தின் அம்மா தீபிகாவை முன்பே தெரியுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். எனக்கு அவரைத் தெரியும். அவருக்கு என்னைத் தெரியாது.

போன வருஷம் ஒரு நாள் அம்மாவை பேங்குக்கு அழைத்துப் போகலாம் என்று அது வேலை செய்யும் தெருவுக்குப் போனேன். ஒரு வீட்டு வாசலில் தீபிகா நின்றிருந்தார். தி. நகர் ஜவுளிக்கடைக்காரர் வீட்டு மருமகள். இடுப்பில் குழந்தை, கையில் கிண்ணம். குழந்தை வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது.

"சாப்பிடு அஸ்வத். சாப்பிடலன்னா இதோ இந்தக் குப்பைக்காரி உன்னைச் சாக்குல போட்டுக் கட்டி எடுத்துட்டுப் போயிடுவா. பாரு, சாக்கு வெச்சிருக்கா பாரு."

என் அம்மா வண்டியை நிறுத்திக் கண்ணை உருட்டியது. "ஆமா நைனா. துன்னாங்காட்டி அப்டியே தூக்கினு பூடுவேன்."

குழந்தை பயத்தில் வாயைத் திறந்தது. தீபிகா ஒரு கரண்டியைத் திணித்தார். "சூப்பர்மா. டெய்லி இந்த டைமுக்கே வந்துடுங்க" என்றார். அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

தெருமுனை வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்து, பிறகு கேட்டேன். "உனக்கு ரோஷமே கெடையாதாம்மா?"

"இன்னாடி ரோஷம்? நம்ம மூஞ்சியப் பாத்து ஒரு கொயந்த நாலு வாயி துன்னுச்சு. புண்ணியந்தான?"

"உன்னப் பூச்சாண்டின்னு சொல்றா அந்தப் பொம்பள."

"சொல்லிக்கினு போறா. பூச்சாண்டின்னா சம்பளத்துல புடிச்சுக்குவானா? வா, பேங்கு மூடிடுவான்."

இதை நான் கோபத்தோடு எழுதவில்லை. தொழில் ரீதியாக எனக்கு அன்று ஒரு விஷயம் பிடிபட்டது. பயம் வேலை செய்கிறது. ஆனால் தெருவில் போகிற பயம் நிற்காது. சாக்குக்காரி தெருமுனை தாண்டியதும் குழந்தை மறுபடி வாயை மூடிக்கொள்ளும். பயம் வீட்டு ஆளிடமிருந்தே வர வேண்டும்.

இந்த ஜனவரியில் காப்பகத்தில் சேர்ந்தேன். முதல் வாரமே குழந்தைகளிடம் ஒரே ஒரு விதியைச் சொன்னேன். "தட்டு காலியானா அம்மா வருவாங்க." நல்ல விதி. இதில் மிரட்டல் எங்கே இருக்கிறது? நான்கு மணிக்கு எல்லா அம்மாக்களும் எப்படியும் வரத்தான் போகிறார்கள்.

காயை மிச்சம் வைத்த குழந்தைக்கு மட்டும் ஒரு வேலை செய்வேன். அதன் அம்மாவுக்குப் போன் போட்டு, "குழந்தை நல்லா தூங்குது மேடம், அஞ்சு மணிக்கு வாங்களேன்" என்பேன். ஒரு அம்மாகூட மறுத்ததில்லை. ஒரு மணி நேரம் இலவசமாகக் கிடைக்கிறதே. அந்தக் குழந்தையைக் கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார வைப்பேன். மற்ற குழந்தைகள் ஒவ்வொன்றாக அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போவதை அது பார்க்கும். நான் ஒரு வார்த்தை திட்டியதில்லை, கிள்ளியதில்லை. பக்கத்தில் அந்த மீந்த காய்த் தட்டை வைப்பேன், அவ்வளவுதான். பெரும்பாலும் இரண்டு நாள் போதும். மூன்றாம் நாள் தேவைப்பட்ட குழந்தை கிடையாது.

பிறகு எதுவும் சாப்பிடும். வெண்டைக்காய், சௌசௌ, முள்ளங்கி. பாகற்காய்கூட. சத்தம் போடாமல் அழுதுகொண்டே மெல்லும். விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொல்லிக் கொடுத்திருந்தேன், காட்டும். அம்மாக்களின் வாட்ஸாப் குழுவில் ஒரு மணிக்குப் போட்டோ போடுவேன். தட்டை மட்டும்தான் எடுப்பேன், முகத்தை எடுப்பதில்லை. பன்னிரண்டு காலித் தட்டுகள். இதயப் படங்களாக வந்து விழும். 'எப்படி மிஸ்?' என்று கேட்பார்கள். 'அன்புதான் மேடம்' என்று பதில் போடுவேன். நம்பினார்கள். ஒருவருக்காவது நேரில் வந்து ஒரு மதியம் பார்க்கலாம் என்று தோன்றவில்லை.

இன்ஸ்பெக்டர் மேடம் இப்போது என் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறார். "இதெல்லாம் பொறவு எழுதலாம்மா. உன்னக் கும்பிடுதேன். அந்தப் புள்ள தின்னதச் சொல்லு" என்கிறார். அதற்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன். முறையாக வந்தால்தான் புரியும்.

அஸ்வத் என் குழந்தைகளில் மிகச் சிறந்தவன். பிப்ரவரியில் சேர்ந்தான். அவனுக்கு ஒரே நாள்தான் தேவைப்பட்டது. அதற்குப் பிறகு அவன் தட்டில் ஒரு கறிவேப்பிலை மிஞ்சியதில்லை. சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவான். "மிச், காலி. அம்மா?"

முந்தாநாள், திங்கள்கிழமை, தீபிகா அவனை அழைத்துப் போக வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க மேஜிக், மிஸ். முன்னாடி எங்க தெருவுல ஒரு குப்பைக்காரியைக் காட்டித்தான் ஊட்டுவேன். அப்புறம் இவன் தூக்கத்துல கத்த ஆரம்பிச்சுட்டான். குழந்தையைப் பயமுறுத்துறான்னு கம்ப்ளெயின்ட் குடுத்து அவளை வேலைய விட்டே தூக்க வெச்சேன். இப்பதான் நிம்மதி."

"அப்படியா மேடம்" என்றேன்.

என் அம்மா ரத்னாவுக்கு வேலை போய் நான்கு மாதம் ஆகிறது. சூப்பர்வைசர் காரணம் சொல்லவில்லை. 'நா இன்னாடி தப்பு பண்ணேன்' என்று அது தினமும் என்னைக் கேட்கிறது. திங்கள்கிழமை சாயங்காலமும் கேட்டது. பதில் தெரிந்தும் நான் சொல்லவில்லை. சொன்னால் அது அந்தக் குழந்தைக்காக வருத்தப்படும்.

இதற்கும் செவ்வாய்க்கிழமைக்கும் முடிச்சுப் போட வேண்டாம். திங்களுக்கு அடுத்த நாள் செவ்வாய்தான் வரும்.

நேற்று அஸ்வத் எல்லாவற்றையும் சாப்பிட்டான். தட்டைத் தூக்கிக் காட்டினான். ஆனாலும் நான் தீபிகாவுக்குப் போன் போட்டு ஐந்து மணிக்கு வரச் சொன்னேன். ஏன் என்று கேட்பீர்கள். பாடத்தில் இதற்கு ஒரு கட்டம் உண்டு: யாரும் சொல்லாமல், குழந்தை தானாகவே காயைத் தேடிப் போக வேண்டும். அஸ்வத் அந்தக் கட்டத்துக்குத் தயாராக இருந்தான். பரிசோதித்துப் பார்க்க அவனைவிட நல்ல குழந்தை கிடைக்காது.

நாலேகாலுக்கு மற்ற குழந்தைகள் எல்லாம் போய்விட்டன. ஸ்வர்ணலதா மேடம் கபாலி கோயிலுக்குப் போயிருந்தார். அஸ்வத் காலித் தட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"மிச், காலி."

"பார்த்தேன்."

"அம்மா வல்ல."

"இன்னும் கொஞ்சம் பச்சை சாப்பிடணும் போல இருக்கு."

கிச்சனுக்கு ஓடினான். பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. "காய் தீர்ந்துபோச்சு அஸ்வத்" என்றேன். அது உண்மை. அவன் கொஞ்ச நேரம் அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கொல்லைப்புறத்தைப் பார்த்தான். காம்பவுண்டுச் சுவரை ஒட்டி மேடம் பூஜைக்காக வைத்திருக்கும் செடிகள் இருக்கின்றன. நல்ல பச்சை. "அது?" என்று கையைக் காட்டினான்.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் அவனுக்கு எட்டாது. திறந்துவிட்டேன்.

அது செவ்வரளி. இலைதான் தின்றான். தெரியுமா தெரியாதா என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். அரளி என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள எங்கள் பக்கத்தில் யாருக்கும் டிகிரி தேவைப்பட்டதில்லை. படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாகற்காயையே விழுங்கியவன், முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொரு வாய்க்கும் என் பக்கம் திரும்பி வாயைத் திறந்து காட்டினான். நானும் ஒவ்வொரு முறையும் தலையாட்டினேன்.

ஐந்து மணிக்கு தீபிகா வந்தார். அஸ்வத் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டான். "அம்மா, பச்ச தின்னேன். நெறைய." தீபிகா அவனைத் தூக்கி இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். "என் சமத்து! மிஸ்ஸுக்கு தேங்க்ஸ் சொல்லு" என்றார். அவன் சொன்னான். கேட்டைத் தாண்டும் முன்பே வாந்தி எடுத்தான். வெயிலில் ஓடியிருப்பான் என்று அவரே சொல்லிக்கொண்டு காரில் ஏற்றினார். நான் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவிவிட்டேன்.

பழி வாங்கியதாக எங்கேயும் எழுதிவிடாதீர்கள். அப்படி எண்ணம் இருந்திருந்தால் என் வாக்கைக் காப்பாற்றியிருப்பேனா? சாப்பிட்டால் அம்மா வருவாள் என்றேன். சாப்பிட்டான். வந்தாள்.

மேலே அந்த வார்த்தையை எழுதும்போது இன்ஸ்பெக்டர் மேடம் இங்கே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்து வெளியே போயிருந்தார். இப்போது உள்ளே வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறார். மணி பதினொன்று இருபது. பக்கத்தைத் திருப்பி அவர் பக்கம் தள்ளி, செவ்வரளி என்ற இடத்தை விரலால் காட்டினேன். பார்த்தார். போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். ரைட்டர்தான் கேட்டார், "பேப்பரை வாங்கிடட்டுமா மேடம்?" என்று.

"எழுதட்டும். இனி அவசரம் ஒண்ணுமில்ல" என்றார் மேடம்.

நல்லது. கீரை கொடுக்கும் முறையைப் பற்றி நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.