கஷாயத்துக்குக் கெட்ட பேர்

ஆர்.கே.புரம் முருகன் கோயிலில் சர்க்கரைப் பொங்கலுக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஓய்வுபெற்ற இரண்டு பேர். ஒருவர் காலில் கட்டு. மற்றவர் அவரிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க ரிப்போர்ட்டைப் பாத்துதான் சார் நானும் மாத்திரையை நிறுத்தினேன். எனக்கு சுகர் எக்கச்சக்கமா ஏறிடுச்சே!"

"நாவல்கொட்டைக் கஷாயம் குடிச்சீங்களா?"

"ரெண்டு வேளையும்."

"அச்சா. டெஸ்டுக்கு முந்தின ஒரு வாரம் மாத்திரை போட்டீங்களா?"

"நிறுத்தச் சொன்னீங்களே?"

"அந்த ஒரு வாரம் மட்டும் போடணும் சார். இல்லேன்னா கஷாயத்துக்குத்தானே கெட்ட பேர்! காலனியில பன்னெண்டு பேர் என் ரிப்போர்ட்டை நம்பிக் குடிக்கிறாங்க."

மற்றவர் குனிந்து கட்டுப்போட்ட காலைப் பார்த்தார்.

"மூணு மாசமாச்சு. உங்க புண் இன்னும் ஆறலையே சார்?"

"அது ரிப்போர்ட்ல வராது."