மெர்வுக்குக் கிடைத்த மரியாதை

ஹலோ… ஆமா, நோலீன்தான். சொல்லு மாரிசோல்…

ஆமா, ஆமா… காலையில உன் வீட்டுக்காரர் கொண்டாந்தாரு. சாக்குல சுத்தி. வாசக் கேட் பக்கத்துல எங்க வீட்டுக்காரர் நெவில் வாங்கிக்கிட்டாரு. கொல்லையில புதைச்சாச்சு…

என்னது? சண்டை வரலன்னு உனக்கு நிம்மதியா இருக்கா? ம்…

இல்ல கண்ணு, உன்னைக் கோவிச்சுக்கல. நீ மணிலாவிலேருந்து வந்து ரெண்டு மாசந்தானே ஆகுது.

கேளு… கேளு. எங்க நாய் டிங்கர் உங்க ஆட்டுக்குட்டிகளைத் துரத்துச்சு, உன் வீட்டுக்காரர் மெர்வ் சுட்டாரு. சட்டத்துல இடமிருக்கு, ஒத்துக்கறேன். வீட்டுல ஃபோனும் இருந்துச்சே. "உன் நாய் இங்க நிக்குது, வந்து இழுத்துட்டுப் போ"ன்னு ஒரு வார்த்தை…

ஆமா, மெர்வைப் பார்த்து நெவில் "ரொம்ப நன்றிங்க, மிஸ்டர் ஹாதர்லி"ன்னாரு. நானும் ஜன்னல்கிட்டதான் நின்னேன். கேட்டதும் திரையை இழுத்து விட்டுட்டேன்…

ஏனா? நாப்பது வருஷமா மெர்வை இவரு "கிழட்டுக் கழுதை", "தண்டச்சோறு"ன்னுதானே கூப்பிட்டாரு. உங்க கல்யாண விருந்துல திட்டின திட்டுல நீ மிரண்டு போனியே… ஆங், அதேதான். அதெல்லாம் பாசம், கண்ணு. எங்க ஆம்பளைங்களுக்கு வேற மாதிரி கொஞ்சத் தெரியாது. மரியாதை எல்லாம் பேங்க் மேனேஜருக்கு, போலீசுக்கு…

கோவமாவது தணியும்டீ. இது கோவம் இல்ல.

போன வருஷம் ஆலங்கட்டி விழுந்து கோதுமை மொத்தமும் போச்சு, "கொஞ்சம் தூறிச்சு"ன்னாரு இவரு. பெரிசு எதுவும் இவங்க வாயில பெரிசா வராது… ம்… ம்…

மெர்வ் என்ன பண்றாரு?… சாப்பிடலயா… வண்டிக்குள்ளயே உக்காந்திருக்காரா. அவருக்குப் புரிஞ்சிருச்சு. உனக்குத்தான்…

யாரு… மெர்வா? பேசு.

ம்… ம்… தெரியும். நானும்தான் குட்டியிலேருந்து பால் ஊத்தி வளர்த்தேன்… என்கிட்ட அழுது என்ன ஆகும்?

திட்டச் சொல்லணுமா… ஒரே ஒரு தடவை… சரி, இரு.

நெவில், மெர்வ் லைன்ல. தன்னை வாய்க்கு வந்தபடி திட்டிடச் சொல்றாரு. இந்தாங்க… வாங்குங்க, கையை நீட்டுங்க…

மெர்வ், இருக்கியா?… வாங்க மாட்டேங்கறாரு.

ஒண்ணு சொல்லச் சொன்னாரு… வேண்டாமே, மெர்வ்… சரி. "எங்க நாயால உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிக்கணும்"னு…

மெர்வ்?… மெர்வ்?

வச்சுட்டாரு, நெவில்.