எட்டாவது பாட்டு

சிடியில் பாட்டு ஏற்றும்போது வேகத்தைக் குறைத்து வைத்தால்தான், ஐயா, காரில் திக்காமல் பாடும். ஆம்பூர் பஜாரில் என் கடையைத் தேடி ஆட்கள் வந்ததற்கு அதுதான் காரணம். நான் எதிலும் அவசரப்படமாட்டேன்.

புருஷோத்தமன் சாரும் அப்படி வந்தவர்தான். ஷூ கம்பெனியில் தையல் பிரிவு மேனேஜர். என் மனைவி ஜெயசீலி அவருக்குக் கீழேதான் மிஷின் ஓட்டினாள். 2003 மார்ச்சில், ஏழு மாத வயிற்றோடு இருந்தவளை, ஒரு ஜோடியில் தையல் கோணிவிட்டது என்று மூன்று மணி நேரம் நிற்க வைத்தார். பாத்ரூம் போகவும் விடவில்லை. மாதனூருக்குத் திரும்பும் கம்பெனி பஸ்ஸிலேயே ரத்தம் போனது. பெண் குழந்தை. மூச்சில்லாமல்தான் பிறந்தது.

அடுத்த வருஷம் புதுக் கார் வாங்கினார். பாட்டு கேட்டு என் கடைக்கு வந்தார். நான் யாருடைய கணவன் என்று அவருக்குத் தெரியாது. நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கேட்டேன்.

"சார், உங்க லைன்ல ஜெயசீலின்னு ஒரு பொண்ணு இருந்துச்சே, ஞாபகம் இருக்குதா?"

"யாரு? முந்நூறு பொண்ணுங்க இருக்குது. இன்னான்னு ஞாபகம் வச்சுக்கறது? நீ நல்லா சவுண்டா ஏத்திக் குடு தம்பி."

ஞாயிறு வேலூர் போகும்போது வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனார். சவுண்டாகவே ஏற்றினேன்.

லாரி ஷெட்டில் ஒரு ஏர் ஹாரனைப் பதிவு செய்து வந்தேன். எட்டாவதாக வரும் மெல்லிய பாட்டின் நடுவில், ஏற்ற முடிந்த அளவுக்குச் சத்தத்தை ஏற்றி அதை ஒட்டினேன். ஆம்பூரில் முதல் பாட்டுத் தொடங்கினால் எட்டாவது பாட்டு பள்ளிகொண்டா தாண்டி வரும். ரோடு வேலைக்காக அங்கே லாரிகளை ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். வாடகைக் காரில் இரண்டு முறை போய்ப் பார்த்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை, வேலூர் போகிற வழியில் கடை முன்னால் காரை நிறுத்தினார்.

"முதல் பாட்டுலேர்ந்து கேளுங்க சார்," என்று சிடியை நீட்டினேன்.

பின் சீட்டில் அவர் மகள் சௌமியா இருந்தாள். நாலு வயது. எனக்கு டாட்டா காட்டினாள். நானும் காட்டினேன்.

ஹாரன் சத்தத்துக்கு ஓரமாக ஒடித்ததில், நின்றிருந்த லாரிக்குள் கார் சொருகியது. அவருக்கு ஒரு கால் போனது. குழந்தை அங்கேயே முடிந்துவிட்டது. அவள் வண்டியில் இருப்பதைப் பார்த்துமா கொடுத்தாய் என்று கேட்கிறீர்கள். பார்த்துத்தான் கொடுத்தேன். ஒரு பெயரையாவது அவர் மறக்காமல் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

கடைக் கம்ப்யூட்டரில் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு உங்களிடம் வந்து சொன்னது ஜெயசீலிதான் என்று தெரியும். முன்பின் பார்த்திராத அந்தக் குழந்தைக்காக ஸ்டேஷனுக்கு வெளியே உட்கார்ந்து அழுகிறாள். எங்கள் குழந்தைக்குக்கூட அவள் இவ்வளவு அழவில்லை. நான் எல்லாம் அவளுக்காகத்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, இதில் தப்புச் செய்தது அவள் ஒருத்திதான்.