முட்டி வலி எப்படிம்மா இருக்கு?

முழங்காலம்மாவிடம் கேட்க வேண்டியதைப் பூனையம்மாவிடம் கேட்டுவிட்டேன். "முட்டி வலி எப்படிம்மா இருக்கு?" என்று தட்டி அனுப்பிய பிறகுதான் கவனித்தேன், திரையில் திறந்திருந்தது வேறு அம்மா. ஒரே சமயத்தில் ஒன்பது பேருக்குப் பிள்ளையாக இருப்பவனுக்கு இதெல்லாம் சகஜம்.

உடனே பதில் வந்தது: "என் முட்டிக்கு ஒண்ணுமில்லடா. நீ உன் மூளையை யார்கிட்டயாவது காட்டு."

சிரித்தேன். அதையே அன்றைய பதிவாகவும் போட்டேன்.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் கேட்டபடி முதலிலிருந்து எழுதித் தருகிறேன். எனக்கு ஒரு வலைப்பூ உண்டு. பெயர் ‘மணியடிக்காத வாழ்க்கை’. மேலதிகாரி இல்லாமல், நினைத்த நேரத்தில் எழுந்து, நினைத்ததை எழுதி வாழ்வது எப்படி என்று ஊருக்கு உபதேசம் செய்துவந்தேன். உபதேசம் சோறு போடாது. ஆகவே வீட்டிலிருந்தபடியே செருப்புக் கடைக்கு விளம்பர வரி எழுதினேன். அதோடு இந்தப் பிள்ளை வேலை. அம்மாவோடு பேச நேரமில்லாத மகன்கள் ஒரு நிறுவனத்தில் சொல்லிவைப்பார்கள். சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா என்று அவர்கள் பெயரில் நாங்கள் தினமும் செய்தி அனுப்புவோம். குழம்பாமலிருக்க அம்மாக்களுக்கு நானே பட்டப்பெயர் வைத்திருந்தேன்: முட்டி வலிக்காரர் முழங்காலம்மா, பூனை வளர்ப்பவர் பூனையம்மா. என் சொந்த அம்மாவிடம் பேசி எட்டு மாதமாகிறது. அது சம்பளமில்லாத வேலை.

பூனையம்மா தன் பூனையைப் பற்றி எழுதுவதையெல்லாம் அப்படியே எடுத்து, ‘என் அம்மா’ என்று வலைப்பூவில் போட்டேன். சுதந்திரத்தை எட்டிப் பார்க்காத கூட்டம் பூனைக்கு வந்தது. கீபோர்டில் நான் கொட்டிய காபியில் எறும்பு மொய்க்கும். துடைக்கக்கூட எழுந்திருக்காமல், பிசுபிசுத்த விரலால் பாராட்டுகளைத் தள்ளித் தள்ளிப் படிப்பேன்.

வேலையில் விதி ஒன்றே ஒன்று. உடம்பு சரியில்லை என்று அம்மா எழுதினால் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். செய்தி நேராக மகனுக்குப் போய்விடும். அதன்பின் அவரே பேசிக்கொள்வார், அந்த அம்மா எனக்கு இல்லை.

திங்கள் காலை பூனையம்மா எழுதினார்: "நெஞ்சை அடைக்குதுடா. இடது கை மரத்துப் போச்சு."

பொத்தானுக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோனேன். பூனையம்மா போனால் என் வலைப்பூவில் மிஞ்சுவது நானும் என் உபதேசமும்தான். விரலை எடுத்துவிட்டேன். "வாயுவா இருக்கும்மா. வெந்நீர் குடிச்சிட்டுப் படுங்க."

மதியம்: "இன்னும் அடைக்குது. யார்கிட்டயாவது சொல்லேன்."

"நான் இருக்கேன்ல."

அன்று ‘பயந்துபோன அம்மா’ என்று ஒரு பதிவு போட்டேன். அத்தனை பேர் அதுவரை வந்ததில்லை. செவ்வாய்க்கிழமை அவரிடமிருந்து சத்தமில்லை. ‘அம்மா பேசாத நாள்’ என்று எழுதினேன். அதற்கும் நல்ல கூட்டம்.

பூனையம்மாவுக்குக் கீழ்வீட்டில் இருக்கும் தையல்காரம்மா அந்த வாரம் ஊரில் இல்லை. வெள்ளிக்கிழமை திரும்பியவர், நாற்றம் தாங்காமல் கதவை உடைக்கச் சொல்லியிருக்கிறார். பூனைக்கு நான்கு நாளாகச் சோறு வைக்க ஆளில்லை. முகத்தை மூடித்தான் தூக்கிப்போனார்களாம். மிச்சத்தை நீங்களே பார்த்தீர்கள்.

நான் கல்நெஞ்சன் இல்லை. மகன் கூடவே இருக்கிறான் என்ற நம்பிக்கையோடுதான் அவர் போனார். பெற்ற பிள்ளை கொடுக்காததை நான் கொடுத்தேன். இதைப் பிடித்துக்கொண்டுதான் இதுவரை எனக்குச் சோறு இறங்கியது. சரிதானே என்று நிறுவனத்தில் கேட்டேன், மகனிடம் கேட்டேன், உங்களிடமும் கேட்டேன். நீங்கள் இந்தக் காகிதத்தை என் பக்கம் தள்ளினீர்கள்.

இன்று காலை ஸ்டேஷன் வெளிப் பெஞ்சில் தையல்காரம்மா சாட்சி சொல்லக் காத்திருந்தார். அவரிடமும் கேட்டேன்.

"அவங்க என்னைப் பையன்னுதானே நெனச்சாங்க?"

அவர் அளவு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்:

"முட்டி வலியைக் கேட்ட அன்னிக்கே அக்காவுக்குத் தெரியும்பா, நீ கூலிக்கு வச்ச ஆளுன்னு. திங்கக்கிழமை ஊருக்குக் கிளம்பறப்போ, நெஞ்சடைக்குதுன்னாங்க. வண்டி கூப்பிடட்டுமான்னேன். வேணாம்னுட்டாங்க. ‘பையன்கிட்ட நேரா சொன்னா மறந்துடுவான். இவன் சம்பளத்துக்கு இருக்கறவன், இந்நேரம் மேல சொல்லியிருப்பான்’னாங்க."