பெர்த்துக்குப் போக இருந்த பெட்டி

கோப்பியில் சீனி கொஞ்சம் கூடிவிட்டது, துவான். பரவாயில்லை, குடித்துக்கொள்கிறேன். இன்ஸ்பெக்டர் இஸ்மாயில், நீங்கள் தமிழ்க்காரர் என்று வாசலிலேயே சொன்னார்கள். மலாய் மொழியில் சொல்ல வேண்டியிருந்தால் பாதியை விழுங்கியிருப்பேன்.

என் பெயர் நிருபன். பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலையில் மாதிரி உறுப்புகளை அச்சிட்டுக் கொடுக்கும் வேலை. வீட்டிலும் ஒரு 3டி பிரிண்டர் வைத்திருந்தேன். நீங்கள் பிடித்து வைத்திருக்கும் தாட்சாயினி என் தங்கை. அம்மாவும் அப்பாவும் விபத்தில் போனபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவளுக்கு எல்லாமே நான்தான். கல்யாணத்தையும் நானே செய்து வைத்தேன். மாப்பிள்ளை புவனேஸ்வரன் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்ப்பவர், நல்ல மனிதர். அவரைப் பற்றி ஒரு குறையும் என்னால் சொல்ல முடியாது. சுங்கை பினாங்கில் வீடு எடுத்தார்கள். நினைத்தால் போய்ப் பார்க்கக்கூடிய தூரம்.

பிறகு ஒருநாள் அவள் வந்து, "அண்ணா, அவருக்குப் பெர்த்துல வேலை கெடைச்சிருச்சு. டிக்கெட் எடுத்தாச்சுலா!" என்றாள். கடல் தாண்டிப் போகப் போவதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். அன்று அவளுக்குப் பிடித்த நண்டுக் குழம்பு வைத்தேன்.

அந்த வாரம்தான் வீட்டுப் பிரிண்டரில் ஒரு துப்பாக்கியை அச்சிடத் தொடங்கினேன்.

யாரையும் சுடும் எண்ணம் எனக்கு இல்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும். நம் நாட்டுச் சட்டத்தை நிதானமாகப் படித்தேன். பிளாஸ்டிக்கோ இரும்போ, சுட்டால் அது ஆயுதம். உரிமம் இல்லாமல் கையில் இருந்தாலே பல ஆண்டு சிறை, ஆணுக்குப் பிரம்படியும் உண்டு. சுடாவிட்டால் பொம்மை என்று வாதாடித் தப்பிக்கலாம். அதனால் அது சுட வேண்டும். பாலேக் புலாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் சுட்டுப் பார்த்தேன். சுட்டது. தோட்டா கிடைத்த கதையைத் தனியாகச் சொல்கிறேன். அதில் வேறொருவர் இருக்கிறார்.

சனிக்கிழமை மூட்டை கட்ட உதவி செய்கிறேன் என்று போய், புவனேஸ்வரனின் பெட்டியில் குளிர்ச்சட்டைகளுக்கு நடுவே அதை வைத்தேன். ஞாயிறு மதியம் வழியனுப்பு விருந்துக்குப் போவதற்கு முன்னால் என் பெயரைச் சொல்லாமல் உங்கள் ஆட்களுக்குத் தகவல் சொன்னேன். அவர்கள் வந்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

பெட்டியைத் திறந்து அதை மேசைமேல் வைத்தார்கள். தாட்சாயினி அதையே பார்த்தாள். நான் எதைச் செய்தாலும் ஓரங்களை மழுக்கிவிடுவேன், கையைக் கிழிக்கக் கூடாது என்று. அவள் வீட்டுக் கத்திப் பிடி, திரைச்சீலைக் கொக்கி எல்லாம் அப்படி நான் செய்து கொடுத்தவைதான். அந்தத் துப்பாக்கியின் ஓரங்களும் அப்படித்தான் இருந்தன. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வெகுநேரம் இல்லை. மூச்சு விடும் நேரம்தான்.

அதற்குள் மாப்பிள்ளையின் கையில் விலங்கைப் போட்டுவிட்டார்கள்.

"அவர விடுங்க துவான். அது என் சாமான். அவருக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள் தாட்சாயினி.

"தாட்சா, என்ன பேசுற நீ?" என்று அவர் கத்தினார். அவள் தன் இரண்டு கைகளையும் விலங்குக்கு நீட்டினாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. வாயில் சோறு இருந்தது.

சில நாளில் மாப்பிள்ளையை விட்டுவிட்டீர்கள். அவள் மேல் வழக்கு. இந்த வழக்குக்கு ஜாமீனும் கிடையாதாம். அந்தப் பிரிண்டரை உடைத்துக் கடலில் போட்டேன். ஆனாலும் அந்த அறையில் அது ஓடும் சத்தம் கேட்கிறது. கதவைத் திறந்தால் நின்றுவிடும். மூடினால் மறுபடியும். சாப்பிட உட்கார்ந்தால் அவள் எதிரே உட்கார்ந்து, அன்று பார்த்தது போலவே பார்க்கிறாள். இப்போதெல்லாம் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன்.

பெர்த் வேலையை மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வாராவாரம் சிறைக்குப் போய் அவளைப் பார்க்கிறார். நானும் போனேன். என்னைப் பார்க்க அவள் சம்மதிக்கவில்லை. போன வாரம் அவர் என் வீட்டுக்கு வந்து என் தோளில் சாய்ந்து அழுதார். "மச்சான், உங்கள பாக்க மாட்டேங்குறா. ஏன்னு கேட்டா சுவத்த பாக்குறா," என்றார். அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள், துவான். உங்கள் ஆட்களிடம் ஒரு வார்த்தை, 'அண்ணா' என்று சொல்லியிருந்தால் போதும். அவள் சொல்லவில்லை. அப்படியென்றால் என்னைக் காப்பாற்றத்தானே நினைத்தாள்?

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவளை இன்றே விட முடியுமா என்று பாருங்கள். எனக்கு எத்தனை ஆண்டு கொடுத்தாலும் சரி. கைதியைக் குடும்பத்தார் வந்து பார்க்கலாம்தானே? எனக்கு அவளைத் தவிர யாரும் இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

என்னை இப்படி உள்ளே விட்டுவிட்டு இனி அவள் எங்கே போய்விடுவாள்?